கேம்புக்கா, ஜெயிலுக்கா?

2023-ல ஒரு வேலையா திருச்சி போயிருந்தேன். மத்திய சிறைப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்னுட்டிருந்தப்போ ஒரு அம்மா வந்தாங்க. கையில் துணிப்பை, கூடவே ஒரு சின்னப் பையன். உள்ளே போக எந்த வாசல்னு கடைக்காரர்கிட்ட கேட்டாங்க.

"கேம்புக்கா, ஜெயிலுக்காம்மா?"

"முகாமுக்கு அண்ணா."

கடைக்காரர் கையைக் காட்டினார். அவங்க போனாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே வளாகம், போலீஸ் காவல். "ரெண்டும் ஒண்ணுதானேண்ணே?"ன்னு கேட்டேன். "பேரு வேற சார்"ன்னு சொல்லிட்டு அடுத்த டீயை ஆத்தப் போயிட்டார்.

அந்தப் 'பேரு வேற' மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்தது. சமீபத்தில் ஒரு நண்பர், "ஜெயிலெல்லாம் நிரம்பி வழியுது, எல்லாம் வெளிநாட்டுக்காரனாலதான்"னு அடிச்சுப் பேசினப்போ, சரி, கணக்கையே எடுத்துப் பார்த்துடுவோம்னு உட்கார்ந்தேன். இந்தப் பதிவு அதோட விளைவு. கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கோங்க :-)

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சிறைப் புள்ளிவிவரம் வெளியிடுது. டிசம்பர் 31 அன்னிக்கு உள்ளே எத்தனை பேர்ங்கிறதுதான் அடிப்படைக் கணக்கு. 2022-ம் வருஷக் கடைசி நாளில் நாடு முழுக்க 5,73,220 பேர். இடம் இருந்ததோ 4,36,266 பேருக்கு. அதாவது 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர்.

இதில் வெளிநாட்டவர் எத்தனை? நூத்துக்கு ஒருத்தர், மிஞ்சிப் போனா ஒண்ணரை. அவங்க எல்லாரையும் நாளைக்கே விமானம் ஏத்தி அனுப்பினாலும் 131 என்பது 129, 130 ஆகும். அவ்வளவுதான்.

அப்போ யாரால நிரம்பி வழியுது? அதே அறிக்கையில் இருக்கு. விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். இன்னும் தீர்ப்பே வராதவங்க. மேலே சொன்ன இட எண்ணிக்கையைத் திரும்பவும் பாருங்க: 4,36,266. தண்டனை பெற்ற ஒருத்தர்கூட உள்ளே இல்லேன்னாலும், விசாரணைக் கைதிகளே மொத்தச் சிறையையும் ஏறக்குறைய நிரப்பிடுவாங்க. பிரச்சினை எல்லையில் இல்லை சாமி, வாய்தாவில் இருக்கு.

இதுவரைக்கும் சொன்னது கணக்கில் இருக்கறவங்களைப் பத்தி. நான் சொல்ல வந்தது கணக்கில் இல்லாதவங்களைப் பத்தி.

2022 நவம்பர் 11 அன்னிக்கு உச்ச நீதிமன்றம், ராஜீவ் கொலை வழக்கில் சிறையில் எஞ்சியிருந்த ஆறு பேரை விடுதலை செய்தது. செஞ்சது சரியா தப்பான்னு இங்கே பேசப் போறதில்லை, அதுக்கு வேற இடம் இருக்கு. ஆறில் நாலு பேர் இலங்கைக் குடிமக்கள்: முருகன், சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார். விடுதலையான கையோட அவங்களைக் கொண்டு போனது திருச்சி சிறப்பு முகாமுக்கு. அந்த முகாம் இருக்கறது மத்திய சிறை வளாகத்துக்குள்ளேயேதான்.

இப்போ தேதியைக் கவனிங்க. நவம்பரில் விடுதலை. கணக்கெடுப்பு டிசம்பர் 31. அன்னிக்கு எண்ணப்பட்ட 5,73,220 பேரில் இந்த நாலு பேர் கிடையாது. காகிதத்தில் சிறை நெரிசல் நாலு பேர் அளவுக்குக் குறைஞ்சது. ஆனா அந்த நாலு பேரால வளாகத்தை விட்டு வெளியே வந்து ஒரு டீ குடிக்க முடியலை. சாந்தன் 2024 பிப்ரவரி 28-ல் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். மத்த மூணு பேர் அந்த ஏப்ரலில்தான் ஊர் போய்ச் சேர்ந்தாங்க.

சிறப்பு முகாம் நேத்து முளைச்சது இல்லை. 1990-களில் வேலூர்க் கோட்டை, அப்புறம் செங்கல்பட்டு, பூவிருந்தவல்லி, பிறகு திருச்சி. வெளிநாட்டவர் இன்ன இடத்தில்தான் தங்கணும்னு உத்தரவு போடும் அதிகாரத்தை 1946-ம் வருஷச் சட்டம் அரசுக்குக் கொடுத்தது. நீதிபதி தீர்ப்பு வேண்டாம், உத்தரவு போதும். வழக்கில் ஜாமீன் கிடைச்சாலும், ஜெயில் வாசலிலிருந்து நேரே முகாம் வாசல். இலங்கைக்காரங்க மட்டுமில்லை, வேற நாட்டுக்காரங்களும் அங்கே இருந்திருக்காங்க. 1946 சட்டம் போய் 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்தாச்சு. அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கு.

மேற்கு வங்கச் சிறைகளில் இதுக்கு உல்டா கதை. எல்லை தாண்டி வந்ததுக்காகத் தண்டனை பெற்ற வங்கதேசத்தவர், தண்டனை முடிஞ்ச பிறகும் உள்ளேயே இருக்காங்க. 'இவர் எங்க ஆள்தான்'னு அவங்க நாடு உறுதி சொல்ற வரைக்கும் காத்திருக்கணும். இவங்களுக்கு அங்கே 'ஜான் கலாஸ்'னு தனிப்பேரே இருக்கு. ஒரு ஊரில் சிறைக்குப் பேர் முகாம். இன்னொரு ஊரில் தண்டனை முடிஞ்சவருக்கும் வீடு சிறை.

குடியுரிமைக் கணக்கும் இதே லட்சணம்தான். 2022-ல் இந்தியக் குடியுரிமையைத் துறந்தவங்க 2,25,620 பேர்னு அரசு ஒத்தை எண் பிசகாமல் நாடாளுமன்றத்தில் சொல்லுது. நல்லது. இந்தப் பக்கம், 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் 108 முகாம்களில் சுமார் 58,000 இலங்கைத் தமிழர்கள். (இது வேற முகாம், காவல் முகாம் இல்லை, குடும்பமா வாழறது. திருச்சி ஏர்போர்ட் பக்கம் கொட்டப்பட்டில்கூட ஒண்ணு இருக்கு.) அங்கே 1995-ல் பிறந்த ஒரு பையனை எடுத்துக்கோங்க. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தா மட்டும் போதாது, அப்பா அம்மாவில் ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். ரெண்டு பேரும் அகதின்னா பையனும் வெளிநாட்டவர். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையும் இல்லை. முப்பது வயசு தாண்டியாச்சு, கடலைத் தாண்டினதே இல்லை. அவன் எங்கிருந்து குடியேறினான்னு கேட்டா எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கறது?

புள்ளிவிவரம் பொய்னு நான் சொல்லலை. அந்த நண்பர் மாதிரி ஆளுங்களுக்குப் பதில் சொல்ல எனக்குக் கை கொடுத்ததே அரசுப் புள்ளிவிவரம்தான். ஆனா எண்ணறதுக்கு முன்னாடியே யாரை எந்தத் தலைப்பில் போடறதுன்னு ஒருத்தர் முடிவு பண்ணிடறார். தலைப்பு இல்லாதவங்க எண்ணிக்கையிலும் இல்லை. எண்ணிக்கையில் இல்லாதவங்களுக்காக சட்டசபையில் கேள்வியும் வராது.

நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். சிறைகளுக்கு வருஷா வருஷம் வெளியிடற மாதிரியே, சிறப்பு முகாம் மாதிரி இடங்களுக்கும் ஒரு அட்டவணை போடுங்க. எத்தனை பேர், எந்த நாடு, எத்தனை நாளா, எந்த உத்தரவின் பேரில். நாலே நாலு பத்தி. அவங்களை விடுதலை பண்ணுங்கன்னுகூட இங்கே கேக்கலை. முதல்ல எண்ணுங்க.

அந்த அம்மா துணிப்பையோட திரும்பி வர்ற வரைக்கும் நான் நிக்கலை, பஸ்ஸுக்கு நேரமாச்சு. உள்ளே இருந்தது யார், எத்தனை நாளா இருந்தார்னு எனக்குத் தெரியாது. எந்த அறிக்கையைப் புரட்டினாலும் தெரியப் போறதும் இல்லை.

பி.கு: "அப்போ குற்றவாளிகளைக் கொஞ்சணுமா?"ன்னு கேட்க வர்றவங்க, பதிவை இன்னொரு தடவை படிச்சுட்டு வாங்க. டீ என் செலவு.