நதியைக் காக்கும் கண்

ஆற்றின் நீர்மட்டத்தை அறிய நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை எளியது. பாலத்தின் தூணிலோ கரையிலோ அளவுகோல் நாட்டப்பட்டிருக்கும். ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துக் குறித்து மேலிடத்துக்குத் தெரிவிப்பார். வெள்ளகாலத்தில் நள்ளிரவிலும் அவர் மணிக்கொரு முறை கரைக்குச் சென்றாக வேண்டும். இவ்வேலையைக் காமிராவிடம் ஒப்புவிக்கும் முயற்சி இப்பொழுது பல தேசங்களில் நடந்து வருகிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் கருவியை நிறுவியதோடு கடமை தீர்ந்ததென்று சர்க்கார் எண்ணுவார்களாயின், அதைப்போல் அபாயம் வேறில்லை.

முறையின் தத்துவம் இதுதான். கரையில் உயரமான இடத்திலுள்ள காமிரா குறித்த நேரத்துக்கொரு முறை அளவுகோலைப் படம் பிடிக்கிறது. படத்தில் நீரும் கோலும் சந்திக்கும் கோட்டைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, அதை அடிக்கணக்காகவோ மீட்டர் கணக்காகவோ மாற்றுகிறது. கருவி நீரில் மூழ்கியிராததால், வெள்ளத்தில் உருண்டு வரும் மரமும் பாறையும் அதை எளிதில் அடித்துச் செல்வதில்லை. கணக்கில் சந்தேகம் எழுந்தால் படத்தையே மனிதர் பார்த்துத் தீர்மானிக்கலாம். மற்றக் கருவிகளுக்கு இல்லாத சிறப்பு இது. எனினும் மூடுபனி, கண்ணாடியில் படியும் சேறு, நீரில் பளபளக்கும் வெயில், காரிருள் ஆகியவை இதற்கு விரோதிகள். எல்லாவற்றிலும் பெரிய விரோதி அசிரத்தை.

ஸிக்கிமில் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். தீஸ்தா நதிக்கு நீர் தரும் தெற்கு லோனாக் என்னும் பனிமலை ஏரி உடையக்கூடுமென்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தனர். 2023 செப்டம்பரில் ஏரியின் மட்டத்தைக் கண்காணிக்கக் காமிராவும் வானிலைக் கருவிகளும் அங்கே வைக்கப்பட்டன. அந்த மாதக் கடைசியிலேயே மின்சாரம் தடைப்பட்டுக் காமிரா செயலற்றுப் போனதாகப் பின்னர் செய்தி வெளிவந்தது. அக்டோபர் 3-ந் தேதி இரவு ஏரி உடைந்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்சார நிலையத்தின் அணை தகர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். காமிரா ஒன்றே அத்தனை உயிர்களையும் காத்திருக்குமென்று நாம் சொல்லவில்லை. அபாய அறிவிப்புக்கான ஏற்பாடு அப்பொழுது பூர்த்தியாகவில்லை. ஆனால் விழித்திருப்பதற்காக வைத்த கண், வேண்டிய வேளையில் மூடியிருந்ததே! அந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

ஆகவே, காமிரா வைக்கும் ஒவ்வோரிடத்திலும் மூன்று ஏற்பாடுகள் உடனிருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முதலாவது, ஒரு மின்வழி நின்றால் மற்றொன்று உதவ வேண்டும். படம் வருவது நின்றால் அதையே அபாயக்குறியாகக் கருதி உடனே ஆள் அனுப்ப வேண்டும். இரண்டாவது, மட்டம் எல்லை கடந்தால் கீழ்க்கரைக் கிராமங்களில் சங்கை ஊதுவது இன்னாருடைய பொறுப்பென்று முன்கூட்டியே நிர்ணயித்திருக்க வேண்டும். மூன்றாவது, படங்கள் ஜனங்களின் பார்வைக்கு வர வேண்டும். ஜப்பானில் நதிக்கரைக் காமிராக்களின் படங்களை எவரும் பார்க்கலாம். நம் நாட்டிலோ கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆகியவற்றின் நீரளவு விவரங்கள் இரகசியமாகப் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கின்றன. வெள்ளம் வீட்டு வாசலுக்கு வரும்போது இரகசியத்தால் யாருக்கு என்ன பயன்?

காமிரா பார்க்கும், கம்ப்யூட்டர் கணக்கிடும். கண்டதைக் காலத்தில் சொல்லும் கடமை மனிதருடையது. அக்கடமையை ஏற்காத நிர்வாகத்துக்கு ஆயிரம் கண்கள் இருந்தும் அது குருடுதான்.