ஊசலும் கடலைக்காயும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் 'லா பாந்த்யூல்' என்றால் கடிகாரம். 'ல பாந்த்யூல்' என்றால் ஊசல். சொல் ஒன்றுதான், பால்தான் வேறு. அதனாலோ என்னவோ, ஊசல் என்றாலே ஒழுங்கு என்று மனதில் பதிந்துவிட்டது. சேலத்துக்கு வந்து எழுத்தராக உட்கார்ந்த பிறகு அது இன்னும் உறுதியானது. விதி சரியாக இருந்தால் முடிவும் முன்கூட்டியே தெரியும் என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கையில் ஒரு தவறு செய்தேன். ராசிபுரம் பக்கம் என் மைத்துனருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. "ஏழு நாளைக்கு மழை இல்லை, கைபேசியில் போட்டிருக்கிறான். தைரியமாகப் பிடுங்குங்க மச்சான்" என்றேன். ஐந்தாம் நாள் கொட்டிய மழையில், பிடுங்கிப் போட்ட கடலைக்காய் வயலிலேயே முளைவிட்டது. பழியை வானிலைக்காரர்கள் மேல் போட்டேன்.

விடுமுறைக்கு வந்த பேரன் கணினியில் இரட்டை ஊசல் ஒன்றைக் காட்டினான். ஓர் ஊசலின் அடியில் இன்னோர் ஊசல். கொஞ்சமாக இழுத்து விட்டால் சாதுவாக ஆடுகிறது. மேலே தூக்கி விட்டால் சாமி வந்ததுபோல் சுழல்கிறது. பிறகு, அப்படிப்பட்ட இரண்டை ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் விட்டான். முதலில் இரண்டும் ஒன்றாகவே ஆடின. சற்று நேரத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

"கணக்கு தப்பாடா?"

"இல்ல தாத்தா. ரெண்டுக்கும் அதே நியூட்டன் விதிதான்."

பிரெஞ்சு கணித மேதை புவான்காரே இதை 1890 வாக்கிலேயே கண்டுகொண்டார். 1961இல் அமெரிக்காவின் எட்வர்ட் லாரன்ஸ், கணினியில் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டியபோது 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் வேறு வானிலையே வந்தது. நம் பக்கத்துத் திருச்சியில், பாரதிதாசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லட்சுமணன் இத்துறையில் உலகறிந்தவர். அவரும் முரளியும் சுவாவும் சேர்ந்து 1994இல் எளிய மின்சுற்று ஒன்றிலேயே இந்த ஒழுங்கற்ற ஆட்டத்தைக் காட்டினார்கள்.

ஆகவே என் கருத்து இது. வானிலைக்காரர்களைக் கேலி செய்வதை நாம் நிறுத்த வேண்டும். நாளைய மழையைச் சொல்வது வேறு, ஏழாம் நாள் மழையைச் சொல்வது வேறு. தொடக்கத்தைச் சற்றே மாற்றி மாற்றிப் பல கணக்கு போட்டுப் பார்க்கும் முறை 1992 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லாம் ஒத்துப்போனால் நம்பலாம். பிரிந்தால் 'வாய்ப்பு' என்றுதான் சொல்ல முடியும். அந்தச் சொல்லை அவர்களும் சின்ன எழுத்தில் போடாமல், விவசாயிக்குப் புரியும்படி முன்னால் போட வேண்டும். நாமும் ஒருமுறை பார்த்ததோடு விடாமல், அறுவடை நேரத்தில் தினமும் பார்க்க வேண்டும்.

மைத்துனரிடம் தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். "போனது போகட்டும் மாமா, அடுத்த தடவை தினமும் பார்த்துச் சொல்லுங்க" என்றார். சொல்வேன்.