நோயறிவது விரட்டுவதற்கன்று

மத்திய கிழக்கில் தொழில் புரியும் எம்மவருக்கு நெஞ்சுப்படம் என்பது வெறும் மருத்துவப் பரிசோதனை அன்று. கொழும்பிலோ சென்னையிலோ புறப்படுமுன் ஒருமுறையும், வளைகுடாவில் வதிவிட அனுமதி பெறும்போது மறுமுறையும் அப்படம் எடுக்கப்படுகின்றது. அதில் விழும் ஒரு நிழல், வட்டிக்கு வாங்கிச் சென்ற பணத்தையும் ஊரிலே காத்திருக்கும் குடும்பத்தையும் ஒருசேரக் கவிழ்க்க வல்லது.

ஆனால், அப்படம் சொல்லாதவை பல. தெரிவது ஆறிப்போன பழைய தழும்பா, உயிருள்ள காசநோயா என்பதை அது உறுதியாகச் சொல்லாது. கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதை அறவே சொல்லாது. முன்னர் இதனை அறிவதற்குச் சளியிலுள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்து, மருந்திட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. காசநோய்க் கிருமி மிக மெதுவாக வளர்வதனால் பல வாரங்கள் கழிந்தன.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பேர்ட் என்னும் பரிசோதனையை அங்கீகரித்தது. சளியைச் சிறு பேழையிலிட்டு இயந்திரத்துள் வைத்தால், கிருமியின் மரபணுத் துண்டு பன்மடங்காகப் பெருக்கப்படுகின்றது. றிபாம்பிசின் என்னும் முதன்மை மருந்தை எதிர்க்கும் மாற்றம் அதில் உண்டா என்பது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். 2023 இல் வறிய நாடுகளுக்கான பேழையின் விலை ஏறத்தாழ 8 அமெரிக்க டொலராகக் குறைக்கப்பட்டது. எண்ணெய்ச் செல்வம் கொழிக்கும் நாடுகளுக்கு, இதனிலும் கூடிய விலை கொடுக்க நேரினும், அது ஒரு பாரமன்று.

எனவே, இன்றைய கேள்வி கருவியைப் பற்றியதன்று. முடிவு தெரிந்த பின்னர் தொழிலாளி எங்கே அனுப்பப்படுகின்றான், மருத்துவமனைக்கா, விமான நிலையத்துக்கா என்பதே கேள்வி.

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் இதில் ஓரடி முன்வைத்துள்ளது. அதன் அமைச்சரவை 2016 இல் எடுத்த தீர்மானத்தின்படி, வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது பழைய தழும்போ, காசநோயோ, மருந்துக்கு அடங்காத காசநோயோ காணப்படுபவர் உடனே நாடுகடத்தப்படாது, ஓராண்டு நிபந்தனை அனுமதியுடன் அங்கேயே சிகிச்சை பெறலாம். இதனை நாம் வரவேற்கின்றோம். எனினும், இது புதுப்பிப்போருக்கான ஏற்பாடு. முதன்முறை விண்ணப்பிப்போருக்கும் இத்தகைய வாய்ப்பு வேண்டும்.

நோயாளியை அகற்றினாற்றான் ஏனையோர் பிழைப்பர் என்னும் எண்ணத்தைத் தகர்த்தது தமிழ் மண்ணே. 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டவர்கள் நோயாளர் விடுதியில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர் என்றும், அவர்தம் வீட்டாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்றும் 1959 இல் உலகுக்குக் காட்டியது. ஆயினும், மருந்து கிருமியை அடக்கினால் மட்டுமே இது மெய்யாகும். அடங்குமா என்பதை முதல் நாளிலேயே சொல்வது விரைவுப் பரிசோதனை. விரட்டுவதற்கன்று, வைத்துக் காப்பதற்கே அது பயன்பட வேண்டும்.

விரட்டப்படுவோம் என்ற அச்சம் இருமலை மறைக்கச் செய்கின்றது. பலர் நெருங்கி உறங்கும் தொழிலாளர் விடுதி அறையில், மறைக்கப்படும் இருமல் ஒருவனோடு நிற்பதில்லை. அரைகுறையாக உண்ணும் மாத்திரைகள் கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்குகின்றன. குயினலோன் வகை மருந்துகள் காசநோயைச் சிறிது காலம் அடக்கி, அதனைக் கண்டறிவதையே தாமதப்படுத்தும்.

எம்மவருக்கு இதில் இன்னுமொரு வேதனையும் உண்டு. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் வளைகுடா அரசுகள் எவையும் இணையவில்லை. ஊர் திரும்ப அஞ்சும் ஒருவனுக்கு நாடுகடத்தல் உயிருக்கே உலையாகலாம்.

ஆகவே நாம் கோருவன மூன்று. நெஞ்சுப்படத்தில் ஐயம் எழுந்தால், சளிப் பரிசோதனையும் மருந்தெதிர்ப்புப் பரிசோதனையும் முடியும் வரை எவரும் வெளியேற்றப்படலாகாது. நோய் உறுதியானால், புதியவராயினும் பழையவராயினும் சிகிச்சை அங்கேயே தொடங்கப்படல் வேண்டும். தாமே நாடு திரும்ப விரும்புவோரிடம் பரிசோதனை முடிவும் மருந்துக் குறிப்பும் எழுத்தில் கையளிக்கப்படல் வேண்டும். அப்போதுதான் வெலிசறையிலோ சென்னையிலோ உள்ள மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளைகுடாவிலுள்ள உறவினருக்குப் பொதிகளில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை அனுப்பாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் மருத்துவரை நாடும்படி தொலைபேசியில் வற்புறுத்துங்கள். இருமலை ஒளிப்பவனுக்கு எந்தக் கருவியும் உதவாது. அவன் ஒளிக்க வேண்டிய தேவையை நீக்குவது அரசுகளின் கடன்.