நேர்முகப் பரீட்சையின் புள்ளித்தாள் யாருடைய இரகசியம்?

அரச வேலைக்கு ஆள் சேர்ப்பதில் அநீதி நடந்ததாக முறைப்பாடு எழுந்தால், அலுவலகங்கள் எளிதில் எடுத்து நீட்டும் கேடயம் 'இரகசியம்'. "மற்ற விண்ணப்பதாரிகளின் விபரங்களை வெளியிட முடியாது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே தடக்கி நின்றுவிடும். இந்த இரகசியம் யாரைக் காக்கிறது என்பதே என் கேள்வி.

மாத்தளை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரத்தோட்டை, எல்கடுவ மலைத் தோட்டங்களின் லயங்களிலிருந்து படித்து வெளிவரும் பிள்ளைக்குக் கிடைக்கும் அரச உத்தியோகம் ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றக்கூடியது. அப்படியொரு பெண் எழுத்துப் பரீட்சையில் தேறி, நேர்முகப் பரீட்சையில் விலக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் ஆகிய காரணங்களால் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை. அது மீறப்பட்டதென்று அவர் எப்படி நிரூபிப்பார்?

பாரபட்சம் என்பது ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டுமே தெரியும் குற்றம். தன்னுடைய புள்ளிகளை மட்டும் அறிந்து பயனில்லை. அதே தகைமைக்கு, அதே அனுபவத்துக்கு அடுத்தவருக்கு எத்தனை புள்ளி இடப்பட்டது என்பது தெரிய வேண்டும். அந்தத் தாளோ எதிர்த்தரப்பின் அலுமாரியில் இருக்கிறது.

மறுதரப்பின் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஏனைய விண்ணப்பதாரிகள் தங்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் முகவரியையும் மருத்துவச் சான்றிதழையும் நம்பிக்கையின் பேரில் கொடுத்தவர்கள். புள்ளியிட்டவர்களுக்கும் அச்சம் உண்டு. நேர்முகக் குழுவினரின் பெயர்களையும் முகவரிகளையும் வெளியிட வேண்டியதில்லை என்று 2012 இல் பீகார் தேர்வாணைய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊர்களில் அந்த அச்சம் மெய்யானது.

இந்தச் சிக்கலுக்கு உலகம் ஏற்கெனவே வழி கண்டிருக்கிறது. பிரித்தானியாவில் பதவி உயர்வு மறுக்கப்பட்ட பெண் எழுதுவினைஞர் ஒருவரும், இடமாற்றம் மறுக்கப்பட்டதில் இனப் பாகுபாடு இருந்ததாக முறையிட்ட லேலண்ட் கார் நிறுவன ஊழியர் ஒருவரும் மற்றவர்களின் அந்தரங்க அறிக்கைகளைக் கேட்டனர். 1979 இல் பிரபுக்கள் சபை நடுவழி ஒன்றைக் காட்டியது: இரகசியம் என்பதற்காக மட்டும் ஆவணத்தை மறுக்க முடியாது; கேட்டதையெல்லாம் அள்ளிக் கொடுக்கவும் வேண்டியதில்லை. தீர்ப்பாயம் தானே படித்துப் பார்த்து, நியாயமான முடிவுக்குத் தேவையானதை, வேண்டுமாயின் பெயர்களை மறைத்து, கொடுக்கச் சொல்லலாம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் நிரந்தரப் பதவி மறுத்த இணைப் பேராசிரியை ஒருவர் சம வேலைவாய்ப்பு ஆணைக்குழுவிடம் சென்றார். அவருடைய கோப்பையும் ஐந்து ஆண் பேராசிரியர்களின் கோப்புகளையும் ஆணைக்குழு கேட்டது. சக பேராசிரியர்களின் மதிப்பீடுகள் இரகசியமானவை என்று பல்கலைக்கழகம் வாதிட்டது. 1990 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவ்வாதத்தை நிராகரித்தது.

நம்மிடமும் சட்டம் இல்லாமலில்லை. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் ஆவணங்களை அழைப்பிக்கும் அதிகாரத்தை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தந்திருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் தனிப்பட்ட தகவலுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் பொதுநலன் மேலோங்கினால் அத்தகவலையும் கொடுக்கலாம் என்கிறது. குறை, இந்த அதிகாரத்தைத் தயங்காமல் எடுத்தாளாததில்தான் இருக்க முடியும். நிறுவனத்தின் விளக்கக் கடிதத்தோடு ஆணைக்குழு திருப்தியடையலாகாது. மூலப் புள்ளித்தாளை வரவழைத்து, பெயருக்குப் பதில் இலக்கமிட்டு, முறைப்பாட்டாளருக்கும் ஒரு பிரதி தர வேண்டும். அதைப் பார்க்காமல் அவர் என்ன பதில் சொல்ல முடியும்?

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் இரகசியத்தின் அருமை எனக்கும் தெரியும். செய்தி தந்தவரின் பெயரை மறைப்பது எங்கள் தொழில் தர்மம். ஆனால் பெயரைத்தான் மறைப்போம், செய்தியை அல்ல. நியமனக் கோப்புகளுக்கும் அந்த அளவுகோல் போதும்.

முறையிட எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு உள்ள அவகாசம் ஒரு மாதமே. தகவல் கோரிக்கை மீது முடிவெடுக்க அலுவலகத்துக்கு 14 வேலை நாட்கள் உண்டு. மேன்முறையீடு என்று போனால் அந்த மாதம் கரைந்துவிடும். ஆகவே புள்ளித்தாள் கைக்கு வரட்டும் என்று காத்திராதீர்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அவகாசக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கண்டியில் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.