தரிப்பிடத்தில் ஒரு சொக்கெட்: தொடர்மாடிகளும் மின்சாரக் கார்களும்

கடந்த மாதம் எங்கள் தொடர்மாடியின் பொது மின்கட்டணப் பட்டியல் வந்தபோது, பொருளாளர் அதை என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினார். லிஃப்ட், தண்ணீர்ப் பம்பு, படிக்கட்டு விளக்குகள், காவலாளியின் அறை ஆகியவற்றுக்கான மின்மானி அது. வழமையை விட 400க்கும் அதிகமான அலகுகள் கூடியிருந்தன. "டீச்சர், லிஃப்ட் கூட ஓடியிருக்குமோ?" என்று கேட்டார்.

லிஃப்ட் ஓடவில்லை. கீழ்த்தளத் தரிப்பிடத்தில், துப்புரவுப் பணியாளர் இயந்திரம் பூட்டுவதற்கென்று சுவரில் வைத்த ஒரு சொக்கெட் இருக்கிறது. நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கும் தம்பி, ஹயர் ஓடுவதற்காக வாங்கிய பழைய ஜப்பான் மின்சாரக் காரை இரவில் அதில்தான் பூட்டி வைத்திருந்தார். அவர் ஒளித்துச் செய்யவில்லை. காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் பூட்டினார். காவலாளி எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கணக்கு உடனே விளங்கியது. ஒரு நாளைக்கு 120 கிலோமீற்றர் ஓடும் சிறிய காருக்கு ஏறக்குறைய 18 அலகுகள் வேண்டும். மாதத்தில் 25 நாட்கள் ஓடினால் 450 அலகுகள். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முழு மாதப் பாவனையையும் தாண்டும் தொகை இது. 24 வீடுகள் பகிர்ந்து கட்டும் பட்டியலில் ஏறியதால் எவருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. ஆனாலும் கேள்வி எழுந்துவிட்டது. நிர்வாகக் குழுவின் செயலாளர் என்ற வகையில் நான் ஒரு அறிவித்தல் எழுதினேன்: பொதுச் சொக்கெட்டில் வாகனங்களுக்கு மின்னேற்றம் செய்வது தடை. அடுத்த நாளே சொக்கெட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பூட்டுத்தான். இரண்டு நாள் கழித்து லிஃப்டில் அந்தத் தம்பி, "டீச்சர், நான் கரண்ட் களவெடுக்கல்ல. எவ்வளவு எண்டு சொல்லுங்க, காசத் தாறன்" என்றார். அவருடைய மகள் எங்கள் பாடசாலையில்தான் படிக்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை. எவ்வளவு என்று சொல்வதற்கு எங்களிடம் தனி மின்மானி இல்லை, தீர்மானம் இல்லை, நடைமுறை எதுவும் இல்லை. இருந்தது ஒரு பூட்டு மட்டும்தான்.

இது எங்கள் கட்டிடத்துக்கு மட்டும் உரிய சங்கடம் அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகு இறங்கிய வாகனங்களில் மின்சாரக் கார்களை வீதியில் எண்ணிப் பார்க்கலாம். 2022 நடுப்பகுதியில் எரிபொருள் வரிசையில் இரவைக் கழித்தவர்களும், பின்னர் கியூஆர் குறியீட்டில் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று வாழ்ந்தவர்களும் அந்த அனுபவத்தை மறக்கவில்லை. வீட்டு முற்றத்தில் காரை நிறுத்துபவருக்குப் பிரச்சினை இல்லை. சுவரில் ஒரு சார்ஜர் பூட்டினால் முடிந்தது. ஆனால் கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, தெமட்டகொடை என்று நம்மவர்கள் செறிந்து வாழும் இடங்களில் முற்றம் ஏது? கீழ்த்தளத்தில் மஞ்சள் கோட்டால் பிரித்த ஒரு கட்டம், அதற்கு மேலே எட்டு மாடி.

அந்தக் கட்டம் யாருடையது என்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. தொடர்மாடிகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். 1982இலும் 2003இலும் திருத்தப்பட்டது. வீடு தனி உடைமை. சுவர், கூரை, படிக்கட்டு, மின்கம்பி செல்லும் குழாய்கள் எல்லாம் பொதுப் பாகங்கள். உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் அவற்றைப் பராமரிக்கிறது. தரிப்பிடம் சில கட்டிடங்களில் வீட்டோடு சேர்ந்த துணைப் பகுதியாகத் திட்டப்படத்தில் குறிக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் பொதுவாகவே விடப்பட்டிருக்கும். உங்கள் உறுதியையும் திட்டப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். பலர் பார்த்ததே இல்லை. நானும் இந்தப் பிரச்சினை வரும்வரை பார்க்கவில்லை. தரிப்பிடம் உங்களுடையதாகவே இருந்தாலும், மின்மானி அறையிலிருந்து அங்கே கேபிள் இழுக்க வேண்டுமானால் அது பொதுச் சுவரின் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே அயலவரின் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. வாடகைக்கு இருப்பவரின் நிலை இன்னும் மோசம். கூட்டத்தில் அவருக்கு வாக்கு இல்லை. எங்கள் தம்பியின் வீட்டு உரிமையாளர் கட்டாரில் இருக்கிறார். வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்று தேடினேன். ஜேர்மனியில் 2020 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தொடர்மாடி வீட்டு உரிமையாளர் ஒருவர் சார்ஜர் கேட்டால் அதைக் கொள்கையளவில் மறுக்க முடியாது என்கிறது. எப்படி, எந்த வழியாக என்பதை மட்டுமே மற்றவர்கள் தீர்மானிக்கலாம். வாடகைக்காரரும் தன் வீட்டு உரிமையாளரிடம் அதைக் கோரலாம். ஸ்பெயினில் சொந்தத் தரிப்பிடத்தில் சொந்தச் செலவில் பூட்டுபவர் சமூகத்துக்கு முன்கூட்டியே அறிவித்தால் போதும். சிங்கப்பூரில் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், கூட்டு ஆதனங்களில் சார்ஜர் நிறுவும் தீர்மானத்துக்கு முன்னர் தேவைப்பட்ட 90 வீத ஆதரவை 50 வீதமாகக் குறைத்தது. மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. 'வேண்டாம்' என்று சொல்லும் ஓரிருவரின் கையில் முழு முடிவும் இல்லை. எங்கள் கட்டிடத்தில் இன்று நிலைமை நேர் எதிர். ஒரு ஹாஜியார் தலையை அசைத்தால் கூட்டம் கலைந்துவிடும்.

அந்த ஹாஜியாரைக் குறை சொல்லவும் மாட்டேன். அவர் பயப்படுவது நெருப்புக்கு. அவருடைய வீடு முதலாம் மாடியில், தரிப்பிடத்துக்கு நேர் மேலே. படுக்கையில் இருக்கும் தாயும் அந்த வீட்டில்தான். கொரியாவில் கார் எரிந்த காணொளியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

அந்தச் சம்பவம் உண்மை. 2024 ஓகஸ்ட் 1ஆம் திகதி, தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில், ஒரு தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் மின்சாரக் கார் ஒன்று தீப்பற்றியது. சுமார் 140 வாகனங்கள் எரிந்தோ சேதமடைந்தோ போயின. பலர் புகையால் பாதிக்கப்பட்டனர். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தற்காலிகமாக வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆனால் அந்தக் கார் அப்போது மின்னேற்றம் செய்யப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. இரண்டு நாட்களுக்கும் மேலாகச் சும்மா நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. தீ பரவியதற்கு ஒரு முக்கிய காரணம், அபாயச் சமிக்ஞை ஒலித்ததும் தண்ணீர் தெளிக்கும் அமைப்பை ஒருவர் நிறுத்திவிட்டது. அதாவது சார்ஜரைத் தடை செய்திருந்தால் அந்தத் தீ தடுக்கப்பட்டிருக்காது. தண்ணீர்த் தெளிப்பான் வேலை செய்திருந்தால் பெருமளவு தடுக்கப்பட்டிருக்கும். எங்கள் கட்டிடத்தில் தெளிப்பான் இருக்கிறதா என்று கூட்டத்தில் கேட்டேன். தீயணைப்புக் குழாயின் வால்வை யார் கடைசியாகத் திறந்து பார்த்தார் என்பதுகூட எவருக்கும் தெரியவில்லை.

எனக்கு உண்மையான பயம் வேறு இடத்தில் வந்தது. பூட்டுப் போடுவதற்கு முதல் நாள் இரவு, அந்தச் சொக்கெட்டின் முகப்பைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. பிறகு வந்து பார்த்த மின் தொழில்நுட்பவியலாளர் விளக்கினார். சாதாரண 13 அம்பியர் சொக்கெட்டில் கேத்தல் ஐந்து நிமிடம் வேலை செய்யும், பிறகு ஆறும். கார் எட்டு மணித்தியாலம் இடைவிடாமல் 10 அம்பியர் இழுக்கும். தளர்ந்த ஒரு திருகாணி போதும். அந்த இடம் மெல்லக் கருகத் தொடங்கும். தரிப்பிடத்தில் மழைத் தண்ணீரும் வடியும். இன்னும் ஒன்றையும் சொன்னார்: பூட்டுப் போட்டுவிட்டால் ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள், முதலாம் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே விடுவார்கள். அவர் சொன்னது சரி. மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் இன்னொரு வீட்டார் அடுத்த வாரமே அதைச் செய்தார்கள். ஆபத்தைக் குறைக்க என்று நான் எழுதிய அறிவித்தல், ஆபத்தைச் சுவரிலிருந்து வயருக்கு மாற்றியிருக்கிறது. அதை எழுதியவள் என்ற வகையில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரியான வழி சிக்கலானது அல்ல. காரின் சொந்தக்காரருடைய வீட்டு மின்மானியிலிருந்தே தனியான கேபிள், தகுந்த தடிப்பில், குழாயினுள் தரிப்பிடம் வரை. அதற்கென்று தனி பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும். தகுதி பெற்றவரின் பரிசோதனைச் சான்று. செலவு முழுவதும் பாவிப்பவருடையது, அலகுகளும் அவருடைய பட்டியலிலேயே ஏறும். பொதுப் பட்டியலில் ஒரு சதமும் கூடாது.

ஆனால் விளம்பரங்களில் வரும் 7 கிலோவாற் சார்ஜரை நம் வீடுகள் தாங்காது. பெரும்பாலான வீடுகளுக்கு வரும் இணைப்பு ஒற்றைக் கட்ட 30 அம்பியர். அதன் முழுக் கொள்ளளவே ஏறக்குறைய 7 கிலோவாற்றுத்தான். காரைப் பூட்டிவிட்டு ஏசியைப் போட்டால் பிரேக்கர் விழும். 10 அல்லது 16 அம்பியருக்கு மட்டுப்படுத்திய சார்ஜர் இரவு முழுவதும் ஏற்றினால், நகருக்குள் ஓடும் எவருக்கும் அது தாராளம். 24 வீட்டாரும் ஒரே நேரத்தில் 7 கிலோவாற் இழுத்தால் 168 கிலோவாற். கட்டிடத்தின் பிரதான கேபிள் அதற்காகப் போடப்பட்டதல்ல. ஆகவே முதலாவது கார் வரும்போதே பத்தாவது காரையும் நினைத்து விதி எழுத வேண்டும். முதலில் வந்தவர் முழுவதையும் எடுத்துவிட்டு, பின்னால் வருபவருக்கு 'கொள்ளளவு முடிந்துவிட்டது' என்று சொன்னால் அது அநீதி. இருக்கும் மின்சாரத்தைப் பூட்டியிருக்கும் கார்களுக்கிடையே பங்கிட்டுக் கொடுக்கும் சார்ஜர்கள் சந்தையில் உண்டு. பத்துக் கார் வரும்போது அவற்றைப் பற்றிப் பேசலாம்.

நேரமும் முக்கியம். நம் மின்கட்டண முறையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மிகக் குறைந்த கேள்வியுள்ள நேரம். நேர அடிப்படையிலான கட்டணத்துக்கு மாற முடியுமா என்று காரின் சொந்தக்காரர் தன் விநியோக அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. சாதாரண வீட்டுக் கட்டணத்தில் அலகு கூடக் கூட விலையும் ஏறும். 450 அலகுகள் அங்கே சேர்ந்தால் பெற்றோலில் மிச்சம் பிடித்தது அதில் கரைந்துவிடும். மஃரிபுக்கு வீட்டுக்கு வந்து உடனே பூட்டுவதும், படுக்கப் போகும்போது பூட்டுவதும் பட்டியலில் வேறு வேறு. நாட்டுக்கும் வேறு வேறு.

நாட்டுக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டது என்று சிரித்தோம். குரங்கு ஒரு தொடக்கம் மட்டுமே. விடுமுறை நாளின் முற்பகலில் கேள்வி குறைவாகவும் சூரிய மின்சாரம் மிகுதியாகவும் இருந்ததால், அந்த அதிர்ச்சியைத் தாங்கும் நிலையில் மின்கட்டமைப்பு இருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டது. பகலில் மின்சாரம் வேண்டாம் என்கிறார்கள், இரவு உச்சத்தில் எண்ணெய் எரிக்கிறார்கள். அந்தப் பகல் மின்சாரத்தைக் குடிக்கக்கூடியவை நிறுத்தி வைத்திருக்கும் கார்கள்தாம். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் துணிக் கொடிகளுக்கும் நடுவே வெயில் வீணாக விழுகிறது. ஹயர் ஓடுபவருக்குப் பகல் சரிவராது. ஓய்வு பெற்றவர்களின் கார்களுக்குச் சரிவரும்.

கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை இதற்கென்று ஒரு மாதிரி விதிக்கோவையை மூன்று மொழியிலும் வெளியிட்டு எல்லாக் கட்டிடங்களுக்கும் அனுப்பினால், ஒவ்வொரு தொடர்மாடியும் தனித்தனியே சண்டை பிடிக்க வேண்டியிருக்காது. புதிதாக எழும் கட்டிடங்களில் வெறும் குழாயையாவது தரிப்பிடம் வரை பதித்து வைத்தால் செலவு சொற்பம். பிறகு கொங்கிரீட்டைத் துளைப்பதுதான் காசு. நம் பகுதிகளில் கட்டிடம் கட்டி விற்கும் வர்த்தகர்கள் பலர் நமக்குத் தெரிந்தவர்களே. வீடு வாங்கும்போது மார்பிள் எந்த நாட்டுடையது என்று கேட்கிறோம், இதையும் கேட்கலாம்.

அதுவரை அந்தத் தம்பி, ஓட்டம் முடிந்த பிறகு காலி வீதிப் பக்கம் ஒரு துரித மின்னேற்ற நிலையத்துக்குப் போகிறார். வரிசை இருந்தால் காத்திருப்பு. வீட்டுக் கட்டணத்தை விடக் கூடுதல் காசு. வீடு வரும்போது இரவு ஒரு மணி தாண்டும். மகள் வகுப்பில் சொன்னாள், வாப்பாவைக் காலையில் எழுப்ப வேண்டாம் என்று உம்மா சொல்லியிருக்கிறாவாம்.

நான் எழுதிய அறிவித்தலை மீளப் பெறும் தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். தனிக் கேபிள், சான்று, 16 அம்பியர் எல்லை, வாடகைக்காரர்களுக்கும் அதே விதி. தீயணைப்புக் குழாயைப் பரிசோதிக்கும் செலவையும் அதே தீர்மானத்தில் சேர்த்திருக்கிறேன், அது ஹாஜியாரின் கோரிக்கை. கட்டாரில் இருப்பவர் நேற்று ஒரு வரியில் சம்மதம் அனுப்பினார். கூட்டம் வரும் ஞாயிறு, இஷாவுக்குப் பிறகு. தொழில்நுட்பவியலாளர் தந்த விலைமதிப்பு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே, தங்களுக்கும் கேபிள் வேண்டும் என்று இதுவரை ஐந்து வீட்டார் இலக்கம் எழுதியிருக்கிறார்கள்.