பிள்ளை கிடக்கும் அறையில் வெளிச்சம் உண்டா?

மில்லுக்குப் போகும் தாய் தன் குழந்தையைக் காப்பகத்தில் விடுமுன் என்னென்ன விசாரிக்கிறாள்? வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், மாதம் எவ்வளவு கேட்கிறார்கள், ஆயா எப்படிப்பட்டவள், வேளைக்குப் பால் கொடுப்பார்களா என்று விசாரிக்கிறாள். இவை எல்லாம் விசாரிக்க வேண்டியவைதான். ஆனால் அந்த அறைக்குள் பகல் வெளிச்சம் வருகிறதா, காற்று ஓடுகிறதா, சுவர் ஈரம் கோத்திருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால், "அதெல்லாம் பணக்காரர்கள் பார்க்கிற விஷயம், நமக்கு இடம் கிடைத்ததே பெரிது" என்று பதில் வருகிறது.

இந்தப் பதில் தவறு. ஒரு ஷிப்ட் 8 மணி நேரம். போக வர ஆகும் நேரம் தனி. ஆகவே குழந்தை விழித்திருக்கும் பகல் பொழுதில் பெரும் பகுதி அந்த அறையில்தான் கழிகிறது. அப்படிப்பட்ட அறை எப்படி இருக்கிறது என்பது ஆடம்பரக் கேள்வியா?

பழைய பஞ்சாலைகளின் கூரையைப் பாருங்கள், தோழர்களே. ரம்பத்தின் பற்களைப் போல வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் ஓட்டுச் சரிவு, மறுபக்கம் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை வடக்குப் பார்த்து வைத்தார்கள். வடக்கு வெளிச்சத்தில் நேர் வெயில் அதிகம் விழாது. பகல் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும். இழை அறுந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். நூலுக்காக இவ்வளவு யோசித்துக் கட்டியவர்களுக்கு வெளிச்சத்தின் அருமை தெரியாது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த நூலை நூற்கும் பெண்ணின் பிள்ளைக்கு என்று வரும்போது மட்டும், குடோனின் மூலையில் தடுப்பு வைத்து ஒரு டியூப்லைட்டை மாட்டினால் போதும் என்று நினைக்கும் நிர்வாகங்கள் உண்டு.

சட்டம் இதை அன்றே பேசியிருக்கிறது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-வது பிரிவு, பெண் தொழிலாளரின் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றது. அந்த அறையில் போதிய இடமும், போதிய வெளிச்சமும், காற்றோட்டமும், சுத்தமும் இருக்க வேண்டும், பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அது நடக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. அதன் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகள் குழந்தை ஒன்றுக்கு 20 சதுர அடி என்று கணக்குப் போட்டன. 30 குழந்தைகள் என்றால் 600 சதுர அடி. முதலில் 50 பெண்களுக்கு மேல் இருந்தால்தான் இந்தக் கடமை. 1976-ல் அதை 30 பெண்கள் என்று குறைத்தார்கள். 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று வைத்தார்கள். சட்டங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஏட்டில் எழுதிய வெளிச்சம் தானாக அறைக்குள் வந்துவிடவில்லை.

இது புதிய கோரிக்கையும் அல்ல. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையை நடத்திய ராபர்ட் ஓவன், 1816-லேயே ஆலைத் தொழிலாளரின் சிறு குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். 1914-ல் லண்டன் நகரின் ஏழைப் பகுதியான டெப்ட்போர்டில், தொழிலாளர் இயக்கத்தில் உழைத்த மக்மில்லன் சகோதரிகள் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளியை அமைத்தார்கள். இருட்டுக் குடியிருப்புகளில் நோயோடு வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோட்டத்தைப் பார்த்துத் திறந்த கொட்டகைகளைக் கட்டினார்கள். வெளிச்சமும் காற்றும் ஏழைக் குழந்தைக்குத்தான் முதலில் தேவை என்பது அவர்கள் கண்ட பாடம்.

காரணங்கள் எளியவை. மூடிய அறையில் ஒரு குழந்தையின் இருமல் எல்லாக் குழந்தைகளுக்கும் பரவும். காசநோய் காற்றின் வழியே பரவுவது; காற்று மாறும் அறையில் அதன் பலம் குறையும். ஈரச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். அது பிஞ்சு நெஞ்சுக்கு இழுப்பை வளர்க்கும். பகலில் வெளிச்சமும் இரவில் இருட்டும் கண்டால்தான் குழந்தையின் தூக்கம் ஒழுங்குக்கு வரும். எலும்பு உறுதிப்பட வேண்டிய வைட்டமின் டி வெயில் தோலில் படுவதால் உண்டாகிறது. மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலுக்கு அந்தச் சக்தி இல்லை. வெளியில் அதிக நேரம் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்றும் மருத்துவ ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆகவே ஜன்னல் மட்டும் போதாது. குழந்தை இறங்கி விளையாட ஒரு முற்றமும் வேண்டும்.

அப்படியானால் வெளிச்சம் இருந்தால் மற்றது எல்லாம் சரியா? இல்லை. வெளிச்சமான அறையில் 40 குழந்தைகளுக்கு ஒரே ஆயா என்றால் அந்த இடம் வேண்டாம். வெளியே ஓட வழியில்லாத இடமும் வேண்டாம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் சமையலறைத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். குறுகலான மாடிப்படி அவர்களுக்கு உதவவில்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது உயிருக்குப் பாதுகாப்பும் போதிய ஆயாக்களும். அடுத்து வெளிச்சம், காற்று, தரை, சுவர். தூரமும் பணமும் அதற்குப் பிறகு. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டிய தாய்க்கு மட்டும் தூரமும் முக்கியம். மற்றவர்கள் பத்து நிமிஷ நடையை மிச்சம் பிடிக்க, பிள்ளையை இருட்டறையில் போட வேண்டாம்.

எப்படிப் பரீட்சை செய்வது? நடுப்பகலில் போங்கள். விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். தட்டில் கிடக்கும் சோற்றில் கல் இருந்தால் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு தரையில் உட்காருங்கள். குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் வானம் தெரிகிறதா, சுவர்தான் தெரிகிறதா? ஜன்னல் எதிரெதிராக இருக்கிறதா? அதற்கு வெளியே இருப்பது மரமா, கக்கூஸா, ஜெனரேட்டரா? பஞ்சுத் தூசி உள்ளே வருகிறதா? மேற்கு வெயில் தகரக் கூரையில் இறங்கினால் சாயங்காலம் அறை அடுப்பாகிவிடும். ஆகவே பிற்பகலில் இன்னொரு முறை போங்கள். உள்ளே வந்து பார்க்கக் கூடாது என்று தடுக்கிற காப்பகத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

வயலில் வேலை செய்யும் தாய்மார்களுக்குப் பிரச்னை வேறு விதம். வரப்போரத்து மரத்தில் சேலைத் தூளி கட்டிவிட்டு நடவுக்கு இறங்கும்போது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. பாம்புக்கும் உச்சி வெயிலுக்கும்தான் பயம். 2005-ம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத் தலத்துக்கு 6 வயதுக்குட்பட்ட 5 குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நியமிக்க வேண்டும் என்றது. வயல் முதலாளியின் வேலையில் அதுகூட இல்லை. மிஞ்சியிருப்பது பால்வாடி. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் மையத்தின் கூரை ஒழுகுகிறதா, அரிசி மூட்டை அடுக்கி ஜன்னலை அடைத்திருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். அது சர்க்கார் தரும் பிச்சை அல்ல, நம் வரிப்பணத்தில் நடப்பது. அங்கே சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கும் ஊழியரோடு சண்டை போடாதீர்கள். அவரையும் சேர்த்துக்கொண்டு பஞ்சாயத்திடம் கேளுங்கள்.

"ஊரில் ஒரே காப்பகம்தான், எங்கே தேர்ந்தெடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தனி ஒருத்தியாக நிற்கும் தாய்க்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் இருபது தாய்மார் சேர்ந்து போனால், வேறு காப்பகம் தேட வேண்டியதில்லை. இருக்கிற காப்பகத்தையே மாற்றலாம். அடைத்த ஜன்னலைத் திறக்க ஒரு காசு செலவில்லை. புதிதாக ஒரு ஜன்னல் வைக்கக் கொத்தனாருக்குச் சில நாள் வேலை. சுண்ணாம்பு அடிக்க ஒரு நாள். நிர்வாகத்துக்கு இது பெரிய செலவே அல்ல.

ஆகவே நமது சங்கங்கள் போனஸ், பஞ்சப்படி, வேலைப்பளுவோடு காப்பக அறையையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பெண் தோழர்கள் மூவரைக் கொண்ட குழு மாதம் ஒரு முறை காப்பகத்தைப் பார்த்து, கண்டதைச் சங்கக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். இது பெண்கள் விஷயம் என்று ஆண் தோழர்கள் ஒதுங்கக் கூடாது. அந்த அறையில் கிடப்பது அவர்கள் பிள்ளையும்தான்.