மாலை டியூஷன் வகுப்புகள்: சங்கத்தின் நிலைப்பாடு

16 வயதுக்குட்பட்டோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் சொன்னதைக் காட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் திண்ணையிலும் மாடியிலும் நடக்கும் வகுப்புகளை மூடச் சொல்வது பொருத்தமற்றது என்பது எங்கள் சங்கச் செயற்குழுவின் பெரும்பான்மைக் கருத்து. அந்த வழிகாட்டுதல் 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களைப் பற்றியது. அதன் நோக்கத்தோடு எங்களுக்குப் பெருமளவு உடன்பாடே.

இந்த வகுப்புகள் ஏன் தேவை? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பல்லுறுப்புக் கோவை வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பின்னத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அதை நாங்கள் எதிர்க்கவில்லை, ஆனால் விட்டுப்போனதை யாராவது பிடித்தாக வேண்டும். பக்க இணைப்பில் 2 ஓம், 3 ஓம் மின்தடைகளைக் கொடுத்தால், இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளைக்கு இயற்பியலை மறுபடி நடத்தி என்ன பயன்? அறை நிறைந்த வகுப்பில், பாடத்திட்டம் துரத்தும்போது, பள்ளி ஆசிரியரால் விடையைத்தான் பார்க்க முடியும். பத்துப் பேர் இருக்கும் இடத்தில்தான் எந்த வரியில் தப்பு வந்தது என்று தெரியும். பின்னத்தை முதலிலிருந்து நடத்திவிட்டால் மின்தடைக் கணக்கைப் பிள்ளையே போட்டுவிடும். இதுவா கல்வி வியாபாரம்?

2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாடு அரசே இதே மாலை வகுப்பை நடத்தியது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. எட்டாம் வகுப்புவரை நடத்தினால் திட்டம், ஒன்பதாம் வகுப்புக்கு நாங்கள் நடத்தினால் குற்றம்!

2023 பிளஸ் டூ தேர்ச்சியில் எங்கள் விருதுநகர் மாவட்டம் 97.85 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம். ஆனால் அதற்கான பாராட்டு மேடைகளில் டியூஷன் என்ற பேச்சே எழாது.

இவ்வகுப்புகளில் பாடம் எடுப்போர் தகுதியற்றவர்கள் என்றும் சொல்லப்பட்டது. 2013 ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியும், இன்னொரு போட்டித் தேர்வைக் கேட்ட 2018ஆம் ஆண்டு அரசாணை 149ஆல் பணி கிடைக்காமல் வெளியே நிற்பவர்களும் அவர்களில் உண்டு. அந்தத் தகுதிச் சான்றிதழில் கையெழுத்திட்டது நாங்கள் அல்ல.

பணியிலுள்ள ஆசிரியர் தனி வகுப்பு நடத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு தடுக்கிறது. அத்தகையோருக்காகச் சங்கம் வாதாடாது. வகுப்பு நடத்துவோருக்கும் ஒரு சொல்: மானாவாரி மல்லியும் பருத்தியும் பொய்த்த ஆண்டில், கரிமூட்டம் போடுவோர், விசைத்தறிக் கூலிகள் வீட்டுப் பிள்ளைகளிடம் இயன்றவரை கட்டணம் வாங்கக் கூடாது. வெளியூர்ப் பெண்பிள்ளைகளைக் கடைசி பஸ்ஸுக்கு முன் அனுப்பிவிட வேண்டும்.

மூடச் சொல்பவர்கள், எந்த விதியின் கீழ் என்பதை எழுத்தில் தரட்டும். அதுவரை வகுப்புகள் வழக்கமான நேரத்தில் நடக்கும்.